வள்ளத்து இன்ஜினில் புகை நிற்கவில்லை, அடியில் எண்ணெயும் கசிகிறது. ரீபோர் செய்தே ஆக வேண்டுமா?

குளச்சல்_வள்ளம் எழுதியது:

வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. போன வருடம் பழைய இன்ஜினாகத்தான் வாங்கினோம். ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. இழுவை குறைந்த மாதிரி தெரியவில்லை.

தொந்தரவு இரண்டு. முதலாவது புகை. காலையில் கயிறு இழுத்ததும் கொஞ்ச நேரம் புகைவது எல்லா இன்ஜினிலும் உள்ளதுதான். இது அப்படி இல்லை. அலை தாண்டி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அரை மணி நேரம் ஓடிய பிறகும் வெள்ளையும் நீலமும் கலந்த மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. வலை இழுப்பதற்காக ஸ்லோவில் போட்டால் பின்பக்கம் நிற்கவே முடியாது, கண் எரியும். எங்கள் வள்ளத்தில் அப்பாதான் இன்ஜின் பிடிப்பார். அவருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. இந்தப் புகையில் அவரை உட்கார வைத்துக் கூட்டிப் போவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது எண்ணெய்க் கசிவு. கடலில் ஸ்லோவில் நிற்கும்போது தண்ணீர்மேல் வண்ண வண்ணமாகப் படலம் பரவுகிறது. வீட்டில் ஸ்டாண்டில் மாட்டி வைத்தால் காலையில் தரையில் இரண்டு இடத்தில் கறை. ஒன்று கறுப்பாக, தண்ணியாக. இன்னொன்று புரொப்பல்லருக்கு நேர் கீழே, கொழகொழவென்று.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினோம். கவரைத் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போய்விட்டது, இரண்டு சிலிண்டரையும் ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள். பெரிய செலவு. அதைவிட, இப்போது ஜூன், ஜூலை. எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்து மீனுக்கு விலை கிடைப்பதே இந்த இரண்டு மாதம்தான். இந்த நேரத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்டால் வருடம் முழுக்கக் கை கடிக்கும்.

ரீபோர் உண்மையிலேயே தேவையா? அதற்கு முன் நானே வீட்டில் எதையெல்லாம் பார்க்கலாம்? பிளக் ஸ்பேனரும் ஒரு ஸ்பேனர் செட்டும் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மணப்பாடு_கரை எழுதியது:

தம்பி, எங்கள் கரையிலும் இதே கதைதான். மண்ணெண்ணெயில் கலக்குகிற ஆயிலைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். புகை உடனே குறையும். காசும் மிச்சம். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.


ஸ்பேனர்_தூத்துக்குடி எழுதியது:

தம்பி, மேலே அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அண்ணே, உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் சேம்பர் என்று தனியாக ஒன்று கிடையாது. எரிபொருளோடு கலந்து வருகிற அந்த ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் உயவு. அதைப் பாதியாக்கினால் புகை குறையும், உண்மைதான். அப்புறம் ஒரு நாள் ஃபுல் ஆக்ஸிலேட்டரில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அது நடுக்கடலில் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவுட்போர்டு வேலைதான் எனக்குப் பிழைப்பு. பிஸ்டன் பிடித்து மேசைக்கு வருகிற இன்ஜின்களில் ஆயில் குறைத்து ஓட்டியவை நிறைய.

இனி ரீபோர் விஷயம். புகை வந்தால் ரிங் போச்சு என்பது கார், பைக் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பார்த்த கண்ணின் கணக்கு. அங்கே கீழே ஆயில் நிரம்பிய சேம்பர் இருக்கிறது, ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும். உங்கள் இன்ஜினில் மேலே ஏறுவதற்குக் கீழே ஆயிலே இல்லை. ரிங் தேய்ந்தால் முதலில் தெரிவது வேறு: ஸ்டார்ட்டிங் கஷ்டப்படும், இழுவை குறையும், கயிறு இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாது. நீங்கள் இழுவை நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்காமல் ரீபோர் பேச்சையே எடுக்கக் கூடாது. யாரிடமாவது கேஜ் இரவல் வாங்குங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். மண்ணெண்ணெய் இன்ஜினில் கம்ப்ரஷன் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவாகவே வைத்திருப்பார்கள், அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஓட்டத்தில் தெரியாத புகை ஸ்லோவில் ஏன் தெரிகிறது என்றால், வேகமாகப் போகும்போது புகை புரொப்பல்லர் நடுவழியாகத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஸ்லோவில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற அதற்கு வலு இருக்காது. இன்ஜின் காலின் (தண்ணீருக்குள் இறங்கும் நீளமான கீழ்ப்பகுதி) பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே சின்னத் துவாரம் இருக்கும், அது வழியாக வரும். எரியாத ஆயிலும் அதே வழியில்தான் கறுப்பாகச் சொட்டும். நீங்கள் சொன்ன தண்ணியான கறுப்புக் கறை அதுவாகத்தான் இருக்கும். அது கசிவே இல்லை. எரிய வேண்டியது சரியாக எரியாமல் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

சரி, ஏன் எரியவில்லை? முதலில் நான் கேட்பது: உங்கள் இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா? பழைய இன்ஜின் என்கிறீர்கள். நம் கரையில் முக்கால்வாசிப் பழைய இன்ஜின்களில் அதைக் கழற்றித் தூர எறிந்திருப்பார்கள். உப்பும் மணலும் அடைத்து ஒருமுறை இன்ஜின் சூடாகியிருக்கும், அதைச் சுத்தம் செய்வதற்குப் பதில் எடுத்தே விட்டிருப்பார்கள். எடுத்தால் அளவு மீறிச் சூடாகாது, ஆனால் தேவையான சூடும் ஏறாது. தெர்மோஸ்டாட் இன்ஜினை 50, 60 டிகிரி வாக்கில் நிறுத்தி வைக்கிறது. அது இல்லாவிட்டால் 28, 30 டிகிரி கடல் தண்ணீர் தடையில்லாமல் சிலிண்டரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோலாவது அந்தக் குளிரில் ஓரளவு ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது. அதனால்தானே பெட்ரோலில் சூடேற்றிவிட்டு மாற்றுகிறோம்! சூடேறாத சிலிண்டருக்குள் போன மண்ணெண்ணெய் பாதி எரிந்து, பாதி வெள்ளைப் புகையாக, கூடவே ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். கண் எரிவது அந்த எரியாத மண்ணெண்ணெயால்தான். ஸ்லோவில் நிற்கும்போது இன்ஜின் இன்னும் குளிரும், புகை இன்னும் கூடும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

சிலிண்டர் ஹெட்டின் மேல்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும். அந்த போல்ட்டுகள் அலுமினியத்தில் உப்புப் பிடித்து இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும், அப்புறம் அது தனி வேலை. முதல் நாள் இரவே துரு நீக்கும் ஆயிலை விட்டு ஊற வையுங்கள். ஸ்பேனரை அரைச் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். திரும்பப் போடும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்தது ஆயில். நீங்கள் ஊற்றுவது எந்த ஆயில்? டின்னில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கென்றே செய்தது அது, எரிந்தால் சாம்பல் வைக்காது. பைக், ஆட்டோவுக்கான 2டி ஆயில் காற்றில் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் இன்ஜினுக்கானது. அதில் சேர்க்கிற உலோகப் பொருள்கள் நம் இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் ரிங் பள்ளத்திலும் படிவாக உட்காரும். ரிங் ஒட்டிக்கொள்ளும். பிறகு பட்டறைக்காரர் சொன்ன ரீபோர் நிஜமாகவே வந்துவிடும்.

அளவு: 50-க்கு 1 என்றால் 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. 25-க்கு 1 என்றால் 800 மில்லி. மண்ணெண்ணெய்க்குப் பல மாடல்களில் பெட்ரோலைவிடக் கூடுதல் ஆயில் கேட்கும். உங்கள் மாடலின் கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும், அதுதான் அளவு. கண் மதிப்பில் ஊற்ற வேண்டாம், அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைவிட உண்மை பேசும் சாட்சி வேறு இல்லை. இரண்டும் ஒரே மாதிரி கறுத்து நனைந்திருந்தால் குற்றம் இரண்டு சிலிண்டருக்கும் பொதுவானது: கலவை, ஆயில், சோக் முழுக்கத் திறக்காதது, கார்புரேட்டரில் மிதவை மட்டம், அல்லது நான் சொன்ன குளிர். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்குக்குக் கரண்ட் சரியாக வருகிறதா பாருங்கள். கூடவே ஃப்யூவல் பம்ப்பையும் பாருங்கள். கிராங்க் கேஸ் அழுத்தத்தில்தான் அந்தப் பம்ப் துடிக்கிறது. அதன் டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு ஓட்டையானால் எரிபொருள் கார்புரேட்டரைச் சுற்றிக்கொண்டு நேராக அந்த ஒரு சிலிண்டரின் கிராங்க் கேஸுக்குள் போகும். ஒரு பிளக் மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல, அங்கே தண்ணீர் போகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

இப்போது கொழகொழ கறை. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான், புகை அல்ல. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கியர் ஆயில் வெளியே வர வழி இருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போகவும் வழி இருக்கிறது. இதை இந்த வாரமே பாருங்கள். இன்ஜினை நிமிர்த்தி இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு கியர் பாக்ஸின் கீழ் ஸ்குருவை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, உள்ளே சேர்ந்து நின்றால் முதலில் அதுதான் வரும். பிறகு மேல் ஸ்குருவையும் கழற்றினால் ஆயில் முழுக்க இறங்கும். நிறத்தைப் பாருங்கள். அப்படியே புரொப்பல்லரைக் கழற்றி, ஷாஃப்ட்டில் நரம்பு (வலை, தூண்டில் நைலான் இழை) சுற்றியிருக்கிறதா பாருங்கள். பார்த்ததை எல்லாம் இங்கே எழுதுங்கள், முடிந்தால் படம் போடுங்கள்.


குளச்சல்_வள்ளம் எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன வரிசையில் எல்லாம் பார்த்துவிட்டேன்.

தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கேஸ்கெட்டும் உப்புப் படிவும்தான். எங்களுக்கு விற்றவர் காலத்திலேயே எடுத்திருக்க வேண்டும்.

ஆயில், இங்கே எல்லாரும் வாங்குகிற இடத்தில் டிரம்மிலிருந்து அளந்து கொடுப்பது. ஆட்டோக்காரர்களும் அதையேதான் வாங்குகிறார்கள். அதில் டிசி-டபிள்யூ3 என்று எங்கும் இல்லை.

பிளக் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு, ஈரம். கம்ப்ரஷன் கேஜ் பக்கத்து ஊரில் கிடைத்தது, இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டின.

கியர் பாக்ஸில் கீழ் ஸ்குருவைத் தளர்த்தியதும் முதலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதன்பின் வந்த ஆயில் பால் டீ நிறம். ஸ்குரு முனையில் இருந்த காந்தத்தில் மாவு போல இரும்புத் தூள், சில்லு எதுவும் இல்லை. புரொப்பல்லரைக் கழற்றினால் ஷாஃப்ட்டில் நரம்பு இறுக்கமாகச் சுற்றி, சூட்டில் உருகிக் கட்டியாகவே ஆகியிருக்கிறது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன்.

இந்த நிலையில் கடலுக்குப் போகலாமா? ஷாஃப்ட் வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்ற வேண்டும் போலிருக்கிறது. அது இங்கே கிடைக்கவில்லை, நாகர்கோவிலில் சொல்லி வைத்திருக்கிறேன்.


ஸ்பேனர்_தூத்துக்குடி எழுதியது:

ரீபோர் தேவையில்லை தம்பி. அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள்.

சீல் வரும் வரை போகத்தான் வேண்டும் என்றால், புது கியர் ஆயில் நிரப்பி, கரைக்குப் பக்கமாக மட்டும் போங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் கீழ் ஸ்குருவை லேசாகத் தளர்த்தித் தண்ணீர் வருகிறதா பாருங்கள். ஆயில் வெள்ளையானால் உடனே மாற்றுங்கள். இதைச் சில நாளுக்குச் செய்யலாம், மாதக்கணக்கில் கூடாது. உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் துருப்பிடித்துவிட்டால் சீல் விலையில் முடிகிற வேலை கியர் செட் விலைக்குப் போய்விடும்.

சீல் மாற்றும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் பெரும்பாலும் இரண்டு சீல் இருக்கும். பழையதை எடுப்பதற்கு முன் அவற்றின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றிப் போட்டால் புது சீலும் ஒழுகும். ஸ்குரு டிரைவரால் நெம்பி எடுக்கும்போது சீல் உட்காரும் அலுமினியச் சுவரைக் கீறிவிடக் கூடாது. எடுத்தபின் ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நரம்பு அறுத்த இடத்தில் பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், அதே இடத்தில் புது சீல் உட்கார்ந்து பயனில்லை. இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், உதடு புது இடத்தில் உரசும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஷாஃப்ட்தான் மாற்ற வேண்டும். போடுவதற்கு முன் உதட்டில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். உலர்ந்த சீல் முதல் சுற்றிலேயே கிழியும்.

கியர் ஆயில் ஸ்குரு இரண்டுக்கும் வாஷர் புதிதாகப் போடுங்கள். சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிற பழக்கம் நம் கரையில் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். பாதிக் கசிவு அந்த வாஷரில்தான். ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது, காற்று உள்ளே அடைபட்டு நிரம்பியது போல ஏமாற்றும். டியூப் முனையைக் கீழ்த் துளையில் வைத்து அழுத்துங்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை அழுத்தி, முதலில் மேல் ஸ்குருவைப் போட்டு மூடிவிட்டு அப்புறம் கீழ் ஸ்குருவைப் போடுங்கள். 90 கிரேடு ஜிஎல்-4 கியர் ஆயில் பெரும்பாலான சின்ன அவுட்போர்டுகளுக்குச் சரி. கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் காற்று அடித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. மேல் துளையில் ஒரு நிப்பிள் போட்டு, சைக்கிள் பம்ப்பால் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் ஏற்றி, இன்ஜின் காலைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. அதிகம் ஏற்றினால் நல்ல சீலும் வெளியே வந்துவிடும். சில சமயம் குமிழி புரொப்பல்லர் பக்கம் வராது, மேலே கியர் மாற்றும் கம்பி இறங்கும் இடத்தில் வரும். அங்கேயும் ஒரு சீல் இருக்கிறது, அதை யாரும் மாற்றுவதே இல்லை.

தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன் இம்பெல்லரை, அதாவது குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தைப் பாருங்கள், இது முக்கியம். உங்கள் கரையில் வள்ளத்தை மணலில்தான் இறக்குகிறீர்கள், அலையில் மணல் கலந்த தண்ணீரைத்தான் இன்ஜின் குடிக்கிறது. இறக்கை தேய்ந்து, தண்ணீர்ப் பாதை பாதி அடைத்திருக்கும் நிலையில் தெர்மோஸ்டாட்டையும் போட்டால் இன்ஜின் சூடாகும். அப்போது தெர்மோஸ்டாட்டின் மேல் பழி போட்டுத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இந்தச் சங்கிலிதான் கரை முழுக்க நடக்கிறது, எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் இன்ஜின் காலை முக்கிச் சில நிமிடம் ஓடவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. புது தெர்மோஸ்டாட்டையும் அடுப்பில் சோதித்துவிட்டுப் போடுங்கள். வால்வு வாயில் ஒரு நூலைக் கவ்வ வைத்து, நூலைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அது நூலை விட்டு விழும் சூடுதான் அது திறக்கும் சூடு. மேலே பொறித்த எண்ணோடு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும்.

இன்னும் ஒன்று. கரை சேருவதற்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரிலும் கிராங்க் கேஸிலும் நிற்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு நிறுத்துங்கள். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் மறுநாள் காலைப் புகை இரண்டு மடங்கு. தோளில் தூக்கிப் போகும்போது இன்ஜின் காலை மேலேயும் தலையைக் கீழேயும் சாய்க்காதீர்கள். புகைக் குழாயில் நிற்கும் உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கரையில் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் வடிந்த பிறகு தூக்குங்கள்.


பழவேற்காடு_ஏரி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 6 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர். ஏரியில் நண்டு வலைக்குச் சின்னப் படகில் போட்டிருக்கிறேன். சர்வீஸுக்காக வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை மேகம் மாதிரி வருகிறது. கவருக்குள்ளும் காற்று இழுக்கும் வாய்ப்பக்கம் ஆயில் வழிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகை வந்தால் ரிங்தான் என்று மேலே படித்ததும் பயம் வந்துவிட்டது.


ஸ்பேனர்_தூத்துக்குடி எழுதியது:

பயப்பட வேண்டாம் சார். எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தீர்கள்? சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்கில் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று இன்ஜினிலேயே படம் ஒட்டியிருப்பார்கள். தவறான பக்கம் படுத்தால் சேம்பர் ஆயில் சிலிண்டருக்குள்ளும், பிரீதர் (சேம்பர் காற்று வெளியேறும்) குழாய் வழியாகக் காற்று வாய்க்கும் போய்விடும். இன்ஜினை நிமிர்த்தி வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். பிளக்கோடு வேகமாக இழுக்கக் கூடாது. ஆயில் அழுந்தாது, ராடு வளைந்துவிடும். உள்ளே இருப்பது வெளியே வந்ததும் துடைத்துவிட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து போட்டு ஓட்டுங்கள். மிச்சம் எரிந்து தீரும் வரை புகைக்கும், பிறகு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் ஆயில் மட்டம் பாருங்கள், இன்ஜின் செங்குத்தாக நிற்கும்போது மட்டும். சர்வீஸில் கூடுதலாக ஊற்றியிருந்தால் அதுவும் பிரீதர் வழியாகத்தான் வரும், மேல் கோட்டுக்கு இறக்கிவிடுங்கள். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையடித்து, ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் பம்ப் டயாபிரம் கசிந்து பெட்ரோல் சேம்பருக்குள் இறங்குகிறது. அப்படியே ஓட்ட வேண்டாம், ஆயிலின் வழுவழுப்பே போயிருக்கும்.

டயாபிரம் பேச்சு வந்ததால் உங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதத்தைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. பழைய ரப்பர் குழாய், டயாபிரம், மிதவை ஊசி எல்லாம் அதில் ஊறி உப்பும், பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்கரைக் காற்றில் பாதி கேன் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாக நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அடி நீரில் ஆயில் இருக்காது. அதை இன்ஜின் குடித்தால் பிஸ்டன் பிடிக்கும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள்.


பழவேற்காடு_ஏரி எழுதியது:

படம் ஒட்டிய இடத்தைப் பார்த்தேன், எதிர்ப்பக்கம்தான் படுத்திருந்தது. நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்போது புகை இல்லை. ஆயில் மட்டமும் சரியாக இருக்கிறது. நன்றி அண்ணா.


குளச்சல்_வள்ளம் எழுதியது:

அண்ணே, சீல் வந்து மாட்டியாயிற்று. ஷாஃப்ட்டில் லேசான பள்ளம்தான், சீலைத் தள்ளி உட்கார வைத்தோம். காற்று அடித்துப் பார்த்ததில் குமிழி இல்லை. இம்பெல்லரில் இரண்டு இறக்கை பிளந்திருந்தது, மாற்றிவிட்டேன். தெர்மோஸ்டாட் போட்டு, டிசி-டபிள்யூ3 ஆயிலுக்கு மாறியாயிற்று. காலையில் புகை வருகிறது, சூடானதும் நிற்கிறது. வலை இழுக்கும்போது லேசாக இருக்கிறது, கண் எரிச்சல் இல்லை. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம், உங்களிடம் சொல்லச் சொன்னார்.

ஒரே ஒரு சந்தேகம். ரொம்ப நேரம் ஸ்லோவில் நின்றுவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு முறை குப்பென்று புகை வந்து பிறகு அடங்கிவிடுகிறது. இது இன்னும் பாக்கியுள்ள கோளாறா?


ஸ்பேனர்_தூத்துக்குடி எழுதியது:

இல்லை தம்பி. ஸ்லோவில் நிற்கும்போது புகைக் குழாயில் சேர்ந்த ஆயில் அப்போது எரிந்து வெளியே போகிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு அது இயல்பு. இத்தனை காலம் குளிரில் ஓடிய கரிப் படிவும் உள்ளே இருக்கும், திரும்பி வரும்போது கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், படிப்படியாகக் குறையும். அப்பா உட்காரும் பக்கம் காற்று வரும் திசையில் இருக்கும்படி வள்ளத்தை நிறுத்தி வலை இழுத்தால் அந்த லேசான புகையும் அவர் மேல் வராது. பத்து நாள் கழித்துக் கியர் பாக்ஸ் கீழ் ஸ்குருவைத் தளர்த்தி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், கியர் கம்பி சீலைப் பார்ப்போம்.